‘அது இடத்தைப் பொறுத்தது சார்!’

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன் (ஜிடி), இன்டர்வியூ என்று போகும் பாடத்திட்டத்தில் ‘உன்னை அறிந்துகொள்’ என்று ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அன்றைக்கு ஆளுமைச் சோதனை. மாணவர்கள் செல்போனில் வரிசையாகக் கேள்விகளுக்குப் பதில் தட்டுவார்கள். கால் மணி நேரத்தில் ஐஎன்எஃப்ஜே, இஎஸ்டிபி என்று நான்கெழுத்தில் விடை வந்து நிற்கும். உடனே வகுப்பு களைகட்டிவிடும். “டேய், உனக்கு என்னடா வந்திருக்கு?” என்று பெஞ்சு தாண்டிக் கேட்டுக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் அந்த நான்கெழுத்து இன்ஸ்டாகிராம் பயோவில் ஏறியிருக்கும்.

“இதையெல்லாம் நம்பலாமா சார்?” என்று மாணவர்களும் கேட்கிறார்கள், அவர்களுடைய பேராசிரியர்களும் கேட்கிறார்கள். பல வருடங்களாக இதை நடத்தியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கடைசியில் வரும் விடையைவிட, எந்தக் கேள்வியில் விரல் நின்றது என்பதுதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

எங்கிருந்து வந்தது?

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங், மனித சுபாவத்தின் வகைகளைப் பற்றி 1921இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அகமுகம், புறமுகம் என்ற பிரிவு பரவலானது அதன் வழியாகத்தான். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் அதை எடுத்து வளர்த்து, 16 வகைகள் கொண்ட ஒரு வினாத்தாளாக்கினார்கள். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. இசபெல், துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது வேலைக்கு வந்த பெண்களுக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த வினாத்தாள்தான் எம்பிடிஐ. நம் பிள்ளைகள் இணையத்தில் இலவசமாக எழுதுவது பெரும்பாலும் அசல் எம்பிடிஐகூட இல்லை; அதே எழுத்துகளைக் கடன் வாங்கிய வேறு சோதனைகள்.

‘அப்படியே நான்தான்!’

விடையோடு வரும் ஒரு பக்க வர்ணனையைப் படித்துவிட்டு, “சார், அப்படியே என்னைப் பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கான்” என்று புல்லரித்துப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பெர்ட்ரம் ஃபோரரின் கதையைச் சொல்வேன். இந்த அமெரிக்கப் பேராசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் ஆளுமை’ என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 விழுந்தது. அத்தனை பேர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள்.

கதையைச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுப்பேன். “உன் பக்கத்துல இருக்கிறவனோட வர்ணனையை வாங்கி, அது உன்னோடதுன்னு நினைச்சுப் படி.” பாதி வரிகள் அதிலும் பொருந்தும். பொருந்தாத வரிகளை மட்டும் அடிக்கோடு போடச் சொல்வேன். இருவருக்கும் நடுவே உண்மையில் என்ன வேறுபாடு என்பது அந்தச் சில வரிகளில்தான் தெரியும்.

விரல் நின்ற இடம்

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கல் மாணவன், ‘அறிமுகமில்லாதவர்களிடம் நீங்களாகவே சென்று பேசுவீர்களா?’ என்ற கேள்வியில் நின்றுவிட்டான். கையைத் தூக்கினான்.

“எங்க சார்?”

“எங்கன்னா?”

“ஊர்லயா, இங்கயா? ஊர்ல திருவிழாவுக்கு வீடு வீடாப் போய் கோயில் வரி வசூல் பண்றதே நான்தான் சார். இங்க கேன்டீன்ல டோக்கன் வாங்கக்கூட ஃப்ரெண்டத்தான் அனுப்புவேன். அது இடத்தைப் பொறுத்தது சார்!”

‘இடத்தைப் பொறுத்தது’ என்று தட்டுவதற்கு அந்தச் சோதனையில் கட்டமே கிடையாது. நடுவில் எதையோ தட்டினான். இன்ட்ரோவெர்ட் என்று வந்தது. “அதான் சார் எனக்கு ஜிடி வரல” என்று நிம்மதியாகச் சொன்னான். அந்த நிம்மதி எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாரம் ஒரு குரூப் டிஸ்கஷனை முழுக்கத் தமிழிலேயே வைத்தேன். கிராமத்துப் பக்கம் தொழிற்சாலை வரலாமா என்பது தலைப்பு. அவனுடைய வட்டத்தில் எட்டுப் பேர். கத்திப் பேசிய இருவரை அவன்தான் அமர்த்தினான். வாயே திறக்காத பெண்ணைப் பார்த்து, “நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே” என்று இழுத்துவிட்டான். கடைசியில் இரு பக்க வாதத்தையும் தொகுத்துச் சொன்னதும் அவன்தான். பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவன் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவதை, அந்தச் சோதனை அவனுடைய சுபாவம் என்று எழுதிக்கொண்டது. சுபாவம் என்று நம்பியிருந்தால் மனிதர்களே இல்லாத வேலையாகத் தேடியிருப்பான். பேச்சுப் பயிற்சிதான் தேவை என்று தெரிந்ததும் தினமும் மாலை வந்து உட்கார ஆரம்பித்தான்.

அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷல் 1968லேயே இந்தச் சிக்கலைக் கிளப்பினார்: ஒரே ஆள் இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடக்கும்போது, பொதுவாக ‘இவர் இப்படி’ என்று சொல்வதில் என்ன பயன்? பிறகு யூச்சி ஷோடா போன்றவர்களோடு சேர்ந்து கோடைமுகாம் குழந்தைகளைக் கவனித்தார். சக பிள்ளை சீண்டினால் பாயும் ஒரு குழந்தை, பெரியவர் அதட்டினால் அடங்கிப்போகும். இன்னொரு குழந்தை நேர்மாறாக இருக்கும். ‘இப்படி நடந்தால் அப்படிச் செய்வான்’ என்ற அந்தப் பாங்கு ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரளவு நிலையாக இருந்தது. நம்மை அறிந்துகொள்ள வேண்டுமென்றால் தேட வேண்டியது அந்தப் பாங்கைத்தான்.

எழுத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

பெரும்பாலானவர்களின் மதிப்பெண் நடுவிலேதான் விழும். எம்பிடிஐ வகைச் சோதனைகள் அந்த நடுவில் கோடு கிழிக்கின்றன. 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் என்கிற மாதிரிதான். இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பெயர் மாறிவிடுகிறது. அதனால்தான் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால், சில ஆய்வுகளில் பாதிப் பேர் வரைகூட வேறு வகைக்குப் போயிருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ‘பிக் ஃபைவ்’ முறையை. புதியதில் நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மனப்பதற்றம் என்ற ஐந்தும் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு என்று அளந்து சொல்லுமே தவிர, யாரையும் வகையில் அடைக்காது. ஐபிஐபி என்ற பொது வினாத் தொகுப்பை வைத்துச் செய்த சோதனைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வயது ஏற ஏறப் பொறுப்புணர்வு கூடுவதும் பதற்றம் குறைவதும் பொதுப்போக்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. இருபது வயதில் வந்த மதிப்பெண்ணை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை.

வீட்டில் உதவியது

பயனே இல்லையா என்றால், உண்டு. நாள் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு யாரும் பேசக் கூடாது. வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவிக்கோ, வந்ததும் அன்றைய கதையைக் கொட்ட வேண்டும். “வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?” என்பதுதான் ரொம்ப நாள் எங்கள் மாலைப்பொழுது. விளையாட்டாக இருவரும் ஒரு சோதனை எழுதினோம். அதன்பிறகு என் மௌனம் மரியாதைக் குறைவு என்ற வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் காரியம் நடந்தது ‘இன்ட்ரோவெர்ட்’ என்ற பட்டத்தால் இல்லை, அதை ஒரு கோரிக்கையாக மாற்றிய பிறகுதான். “குளிச்சிட்டு வர்ற வரைக்கும் விட்டுடு. அப்புறம் காபியோட உட்கார்ந்து பேசலாம்” என்றேன் நான். “எனக்கு யோசனை சொல்ல வேணாம், காது கொடுத்தா போதும்” என்றார் அவர்.

அதே பட்டம் சாக்காகவும் மாறும். உறவுக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குக் கூப்பிட்டால் என் தம்பி, “நான் இன்ட்ரோவெர்ட்மா” என்பான். அம்மா விடமாட்டார்: “உன் ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே போனியே, அப்ப எங்கடா போச்சு அந்த வெர்ட்டு?” மிஷல் சொன்னதைத்தான் அம்மாவும் சொல்கிறார்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை

1. சோதனை எழுதும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ‘இடத்தைப் பொறுத்தது’ என்று தோன்றும் கேள்வி எண்ணைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த இடத்தில் எப்படி, யாரோடு எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தாள்தான் உண்மையான ரிசல்ட்.

2. அதே கேள்விகளுக்கு உங்களைப் பற்றி இரண்டு பேரைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் வீட்டிலிருந்து, ஒருவர் வேலையிடத்திலிருந்து. உளவியலாளர் சிமின் வஸீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே ஓடும் பதற்றத்தை அவரவரே நன்றாகக் கணித்தார்கள். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றை நண்பர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

3. ‘நான் இப்படித்தான்’ என்று வாக்கியம் முடிந்தால், ‘அதனால் எனக்கு இது வேண்டும்’ என்று ஒன்றைச் சேருங்கள். சேர்க்க எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் சாக்கு.

4. ஆள் எடுக்கவோ கழிக்கவோ இதைப் பயன்படுத்தாதீர்கள். எம்பிடிஐயை வெளியிடுபவர்களே வேலைக்குத் தேர்வு செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்திருக்கும் குடும்பங்களுக்கும் அதே பதில்தான்.

5. சுபாவத்தையும் உடல்நலக் குறைவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எப்போதும் அதிகம் பேசாதவன் பேசாமல் இருப்பது சுபாவம். கலகலவென்று இருந்தவன் வாரக்கணக்கில் ஒதுங்குவதும், தூக்கமும் சாப்பாடும் குறைவதும் சுபாவம் இல்லை. ‘அவன் இன்ட்ரோவெர்ட், விடுங்க சார்’ என்று அறைத்தோழர்கள் சொல்லும்போதுதான் நான் கூடுதலாக விசாரிப்பேன். அங்கே சோதனைக்கு வேலையில்லை, மருத்துவருக்குத்தான் வேலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வகுப்பு முடியும் முன் அந்த எண்ணைப் போர்டில் எழுதிவிடுவேன். நான்கெழுத்தைப் பதிவு செய்தவர்கள் இந்த ஐந்து இலக்கத்தையும் செல்போனில் பதிவு செய்துகொள்ளட்டும் என்று.