மொட்டைக் கொத்தியது யார்?

கேள்வி: மாசி பிறந்ததிலிருந்து வீட்டுத் தோட்டத்தில் குண்டுமல்லி மொட்டுகளில் ஓட்டை விழுகிறது. செம்பருத்தி மொட்டுகள் விரியும் முன்பே உதிர்ந்து கிடக்கின்றன. செண்டுமல்லி நாற்றுகளில் நுனியைக் காணோம். கிளி, அணில், மயில் எல்லாம் வந்து போகின்றன. எதைத் தடுப்பது, எப்படித் தடுப்பது?
– வாசகி, இண்டூர், தருமபுரி மாவட்டம்

பதில்: மாசி, பங்குனியில் பூச்செடிகள் மொட்டு வைக்கும் நேரமும், பறவை விலங்குகளுக்கு இரையும் நீரும் குறையும் நேரமும் தருமபுரிப் பகுதியில் ஒன்றாகவே வருகின்றன. பென்னாகரம் பக்கத்துக் காடுகள் இலை உதிர்த்து நிற்கும், குட்டைகள் வற்றும், ராகியும் அவரையும் அறுத்த மானாவாரி நிலம் வெறுமையாகக் கிடக்கும். கிணற்று நீர் பாயும் பூந்தோட்டம் மட்டுமே பச்சையாக இருப்பதால், மொட்டில் உள்ள ஈரத்தையும் பூவில் உள்ள தேனையும் தேடி அவை அங்கே வருகின்றன. ஆனால் வருவதெல்லாம் கெடுப்பதில்லை. கெடுப்பதில் பாதி கண்ணுக்கே தெரிவதில்லை. சேதத்தின் அடையாளத்தைப் பார்த்த பிறகே வலை வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

குண்டுமல்லியில் விழும் சிறு வட்ட ஓட்டை பறவை கொத்தியது அன்று, மொட்டுப்புழு குடைந்தது. பச்சை நிறப் புழு மொட்டின் உள்ளே இருந்து பூவின் பாகங்களைத் தின்னும். தாக்குதல் மிகுந்தால் பக்கத்து மொட்டுகளையும் நூலாம்படையால் பிணைத்துவிடும். மொட்டின் அடிப்பகுதி வீங்கி, ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. இரண்டுக்கும் வலை கட்டிப் பயனில்லை. கெட்ட மொட்டுகளைத் தினமும் பறித்து எரிப்பதும், செடியடி மண்ணைக் கொத்திவிட்டு அதில் இருக்கும் கூட்டுப்புழுக்களை வெயிலுக்குக் காட்டுவதும் முதல் வேலை. பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

செம்பருத்தியில் உதிர்ந்த மொட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பல் பட்ட தடம் இல்லாமல் முழுசாக இருந்தால் மாவுப்பூச்சி, இலைப்பேன், அல்லது ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சும் பழக்கம் காரணமாக இருக்கும். மொட்டின் நடுப்பகுதி தின்னப்பட்டு, கிழிந்த இதழ்கள் செடியடியில் சிதறியிருந்தால் அணில். விரிந்த பூவின் அடியில் மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தால் தேன்சிட்டு. அது தேனை உறிஞ்சிவிட்டுப் போகும், பூவுக்குப் பெரிய கேடு இல்லை. இந்தச் சின்னஞ்சிறு பறவையை விரட்டவே கூடாது. குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காகச் செடியில் இருக்கும் பூச்சிகளையும் சிலந்திகளையும் அதுதான் பொறுக்குகிறது.

செண்டுமல்லி நாற்றில் நுனி தாறுமாறாகப் பிய்ந்து, அருகில் மண்குளியல் செய்த குழியும் மூன்று விரல் தடமும் இருந்தால் மயில். தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாகத் துண்டாகியிருந்தால் முயல். செடி வேரோடு ஆடிப்போய் இலை உருவப்பட்டிருந்தால் ஆடு. சம்பங்கிப் பாத்தி இரவோடு இரவாகப் புரட்டிப் போடப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி.

கிளி பூவையும் காம்பையும் நறுக்கிக் கீழே போடும். முருங்கையிலும் மாவிலும் இது தெரியும். மாம்பூவைப் பொறுத்தவரை பதற வேண்டியதில்லை. கிளி வராத மரத்திலும் நூறு பூவுக்கு ஒன்றுகூடக் காயாக நிலைப்பதில்லை.

தடுப்பில் உறுதியாகப் பலன் தருவது மறைப்பே. நாற்றங்காலுக்கு மூங்கில் வளைவு கட்டி, அதன் மேல் சிறு கண் உள்ள தடித்த வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் மயிலும் அணிலும் நெருங்க முடியாது. மெல்லிய நைலான் வலையைச் செடி மேல் தளர்வாகப் போர்த்துவது கொடுமை. பறவைகளும் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும். முயலுக்கும் ஆட்டுக்கும் அடியில் இடைவெளி விடாத முள்வேலியோ படலோ போதும். இலை மேல் சாணிக் கரைசல் தெளித்தால் ஆடு வாய் வைக்காது. மழை பெய்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். மினுமினுக்கும் சிவப்பு-வெள்ளி நாடாவுக்குப் பறவைகள் சில நாளில் பழகிவிடும். மொட்டு வைக்கும் நாட்களில் மட்டும் கட்டி, இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓரளவு உதவும். தோட்டத்திலிருந்து தள்ளி, மர நிழலில் அகலமான மண்சட்டியில் தினமும் புதுத் தண்ணீர் வைத்தால், ஈரத்துக்காக மொட்டைக் கடிக்கும் வரத்து குறையும்.

எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாதவை விஷமும் கண்ணியும் மின்சாரமும். மயில் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதன் விளைவைத் தருமபுரி மாவட்டமே கண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு தவித்து நின்றன. அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. பன்றியோ குரங்கோ தொடர்ந்து வந்தால் வனத்துறையிடம் எழுதிக் கொடுப்பதே வழி.

மொட்டைக் கெடுத்தது எது என்று பிடிபடாவிட்டால், சேதமான மொட்டுகளையும் தளிரையும் அன்று காலையில் பறித்த நிலையிலேயே பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் சென்று காட்டலாம்.