எகிப்துக்கு முன்னால் வெம்பக்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹம்பியைப் பார்த்து வந்ததிலிருந்து வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இடிந்த கல்லைப் பார்த்து மனசு கலங்க ஒரு கொடுப்பினை வேண்டும். அடுத்து எகிப்துக்குக் காசு சேர்க்கலாமா என்று கேட்கிறாய். தாராளமாகச் சேர். ஆனால் அதற்கு முன்னால் ஆலங்குளத்திலிருந்து கிளம்பி வெம்பக்கோட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வா.

முகம் சுளிக்காதே. "அங்கே என்ன மாமா இருக்கு, நாலு குழியும் உடைஞ்ச ஓடும்தானே?" என்று கேட்பாய். உன் வயசில் எல்லாருக்கும் கோபுரம் உயரமாக இருந்தால்தான் வரலாறு.

வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றின் வடகரையில் இருக்கிறது அந்த அகழாய்வு மேடு. மேட்டுக்காடு என்பார்கள். 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேல் பொருட்கள் வெளியே வந்தன: கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், தந்தப் பகடை, நுண்கற்கருவிகள். எனக்குப் பிடித்தது சங்கு வளையல் துண்டுகள்தான். விரல் நீளம் கூட இருக்காது. வெள்ளை மங்கிப் பழுப்பேறி, சிலவற்றில் கோடு கோடாக வேலைப்பாடு. அணிந்து உடைந்த வளையல் மட்டுமே கிடைத்திருந்தால், யாரோ வாங்கிப் போட்டார்கள் என்று விட்டுவிடலாம். வேலை முடியாத துண்டும் கூடவே கிடைத்தால் என்ன அர்த்தம்? இந்தக் கரிசல் காட்டிலேயே சங்கறுத்துப் பிழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே! சங்கு கடலில் விளைவது. நம் ஊர்ப்பக்கம் ஓடும் வைப்பாறு போய்ச் சேருவதும் மன்னார் வளைகுடாவில். கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றை நீ எத்தனை தரம் பாலத்தில் கடந்திருப்பாய்! இனி கடக்கும்போது கொஞ்சம் எட்டிப் பார்.

"குழியை மூடிவிடுவார்களாமே, அப்புறம் போய் என்ன பார்ப்பது?" இதையும் கேட்பாய். மூடத்தான் வேண்டும். திறந்து கிடந்தால் ஒரு மழைக்கே சுவர் சரிந்துவிடும். தோண்டல் நடக்கும் சமயமாக இருந்தால் மண் அடுக்கடுக்காக நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே போகப் போகக் காலம் பின்னால் போகும். குழியின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுத்து மண்ணைச் சரித்துவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். ஹம்பியிலிருந்து ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல் எடுத்து வந்ததாகப் பெருமையாக எழுதியிருந்தாய். வெம்பக்கோட்டையில் அந்த வேலை வேண்டாம். ஓட்டுச்சில்லு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வயசும் கதையும் இருக்கின்றன. உன் சட்டைப் பைக்குள் வந்ததும் அது வெறும் ஓடு. நீ ஒருத்தன் எடுத்தால் என்ன என்று கேட்காதே. வருகிற ஒவ்வொருத்தனும் அதையேதான் கேட்பான்.

ஹம்பி மோகம் விடவில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கு. ஹம்பியாக நீ பார்த்த விஜயநகரம் வீழ்ந்தது 1565-இல். அந்தப் பேரரசு மதுரைக்கு அனுப்பிய நாயக்கர்களின் வழியில் வந்தவர் திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் பெயர் சொல்லும் அரண்மனை அந்த ஊரிலேயே இருக்கிறது. நீ ஹம்பியில் பார்த்த கதையின் மிச்சம் அது. வருஷக்கணக்காக அந்த ஊருக்குப் போய் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுப் பால்கோவா பொட்டலத்தோடு பஸ் ஏறியிருக்கிறாயே தவிர, அரண்மனைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

வெம்பக்கோட்டைக்குக் காலையிலேயே போ, நம் ஊர் வெயில் உனக்குத் தெரியாததல்ல. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் ஒரு சுற்று சும்மா பார். அங்கே தோண்டல் வேலை செய்தவர்களிடம் பேச்சுக்கொடு. குழிக்குள் இறங்கி மண்ணைச் சுரண்டி எடுத்தவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தான், அவர்கள் கைக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இருக்காது.

போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. எகிப்து டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

இப்படிக்கு,
உன் மாமா