மேல் வீட்டு எண்ணெய், கீழ் வீட்டு சிங்க்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 1986-ல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில், தரைத்தளத்தில் இருக்கிறோம். சமையலறை சிங்க் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஒரு நாள் காலையில் நாங்கள் குழாயையே திறக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் சிங்க்கில் மேலேறி வந்தது! பிளம்பர் கம்பி விட்டுக் குத்திவிட்டுப் போகிறார், சில வாரத்தில் பழைய கதைதான். கொதிநீர், காஸ்டிக் சோடா எல்லாம் ஊற்றியாயிற்று. நிரந்தரத் தீர்வு உண்டா?

– வாசகி, சென்னை-33

பதில்: குழாயைத் திறக்காமலே தண்ணீர் வந்தது என்கிறீர்களே, அது ஒன்று போதும். அடைப்பு உங்கள் வீட்டில் இல்லை. அந்தக் காலக் கட்டடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ள சமையலறைகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே செங்குத்துக் குழாய்தான். அது கீழே இறங்கி, படுக்கைவாட்டில் திரும்பி, வெளியே உள்ள கழிவுநீர்ச் சேம்பருக்குப் போகும். தண்ணீரின் வேகம் குறைவது அந்தத் திருப்பத்தில்தான். பிசுக்கு படிவதும் அங்கேதான். அதற்கு மேல் முதலில் இருக்கும் திறப்பு உங்கள் சிங்க். மேல் வீடுகளில் யார் பாத்திரம் கழுவினாலும் தண்ணீர் உங்களிடம்தான் வரும்.

கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் இளகும், உண்மைதான். ஆனால் சில அடி தள்ளிப் போய் ஆறியதும் மறுபடி உறைந்துவிடும். மாடிக்காரர்கள் ஊற்றும் சுடுநீர் பிசுக்கை உங்கள் திருப்பத்துக்கு அனுப்பி வைக்கிறது, அவ்வளவுதான். பிவிசி குழாயானால் கொதிநீரில் மூட்டுகளும் தளரும். காஸ்டிக் சோடாவை விட்டுவிடுங்கள். அடைத்து நிற்கும் குழாயில் அது தேங்கி நின்று, பிறகு கழற்றுகிற பிளம்பரின் கண்ணிலும் கையிலும் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. அந்தச் சோதனையே வேண்டாம்.

எண்ணெய் மட்டும் குற்றவாளி இல்லை. கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீர், வடித்த கஞ்சி, ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கை, புளிச் சக்கை, தேங்காய் நார் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பவுடரில் கரையாத கல்மாவு உண்டு. அது குழாயின் அடியில் மணலாகப் படியும். ஆகவே வாணலியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டுப் பாட்டிலில் அடைத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள். சிங்க்குக்கு நெருக்கமான ஓட்டைகளுள்ள ஜாலி போடுங்கள். கீழே மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ் இருந்தால் எடுத்துவிட்டு, கழற்றிக் கழுவக்கூடிய பாட்டில் டிராப் மாட்டுங்கள். இதையெல்லாம் மேல் வீடுகளும் செய்யாதவரை நீங்கள் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு கேட்டீர்கள். உங்கள் சிங்க்கைப் பொதுக் குழாயிலிருந்து பிரித்து, தனிக் குழாயாக நேரே சேம்பருக்குக் கொண்டுபோங்கள். பிறகு மேலே யார் என்ன ஊற்றினாலும், சேம்பர் நிரம்பினால் வெளியே முற்றத்தில்தான் வழியும், உங்கள் வீட்டுக்குள் வராது. வேலை நடக்கும்போதே பொதுக் குழாயின் திருப்பத்தில் திறந்து மூடும் மூடியுள்ள பெண்டு போடச் சொல்லுங்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாயானால் துருவேறிய சொரசொரப்பில் பிசுக்கு எளிதில் பிடிக்கும், மாற்றிவிடுவதே லாபம். பொதுக் குழாய் என்பதால் அந்தச் செலவு சங்கத்துடையது, உங்கள் ஒருவருடையது அல்ல.

சேம்பர் மூடியை மாதம் ஒருமுறை திறந்து, மேலே மிதக்கும் கொழுப்புப் படலத்தை நீண்ட கரண்டியால் வெளியிலிருந்தே அள்ளலாம். அதற்கு மேல் அடைத்திருந்தால் ஜெட்டிங் வண்டியை வரவழையுங்கள். தெருச் சாக்கடையிலேயே அடைப்பென்றால் அது மெட்ரோ வாட்டர் வேலை. எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்கச் சங்கம் ஒப்புக்கொள்ளக் கூடாது: பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.