கரிசல் வெயிலும் இருட்டறையும்

சித்திரை மாதம். சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. கரையோரம் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு பெரியவரைப் படம் பிடித்து வந்து, அன்று மாலையே ரோலைக் கழுவினேன். டெவலப்பரைக் குளிர்வித்து 24 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தேன். கடைசி அலசலுக்கு மட்டும் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். பகலெல்லாம் வெயில் குடித்த தண்ணீர். பிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊதிச் சுருங்கி, பெரியவரின் முகம் வெடித்த கண்மாய்த் தரைபோல் ஆகிவிட்டது. மறுவாரம் தேடிப் போனேன். அவர் கிடையைக் கிளப்பிக்கொண்டு வேறு ஊர் போயிருந்தார்.

அந்த நெகட்டிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது. டெவலப்பர் டப்பாவில் அச்சிட்ட கணக்கு 20 டிகிரி தண்ணீருக்கானது. நம் ஊருக்கான கணக்கை நாம்தான் போட வேண்டும். நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

சூடு

கோடையில் 20 டிகிரிக்கு மல்லுக்கட்ட வேண்டாம், 24 போதும். 20-ல் எட்டு நிமிடம் என்றால் 24-ல் ஏறக்குறைய ஐந்தரை. டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாம் இரண்டு டிகிரிக்குள் ஒன்றாக இருக்கட்டும். ஐஸை மருந்தில் போடாதீர்கள். மருந்து பாட்டிலைச் சுற்றியுள்ள வாளித் தண்ணீரில் போடுங்கள்.

தண்ணீர்

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி விழும். ஐப்பசி மழையைப் பிடித்து, துணியில் வடிகட்டி மூடிவையுங்கள். கடைசி அலசல் அதில்தான்.

நிழல்

கரிசல் மண் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மணலும் சுண்ணாம்புச் சுவரும் முகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒளியைக் கரிசல் கொடுக்காது. உச்சி வெயிலில் 16 அபர்ச்சர், 125 ஸ்பீடு பிலிமுக்கு 1/125 நொடி என்ற பழைய கணக்கில் எடுத்தால் கண்குழி இரண்டும் கருகிப்போகும். நான் ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விட்டு, கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பேன். அப்போது நிழலும் வாய் திறக்கும், வெள்ளை வேட்டியும் வெளுத்துப் போகாது. அவசரத்துக்கு அந்த வேட்டியையே ஆளின் முன்னால் தரையில் விரித்தால், முகத்துக்கு ஒளி வந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த வெளிச்சம் திண்ணை வெளிச்சம். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்த்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் காலை ஒளி அவர்கள் விரல்களில் ஒவ்வொரு ரேகையையும் காட்டும். ஃப்ளாஷ் போட்டால் ரேகை போய்விடும்.

வானம்

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் மதுரையை மெழுகேற்றிய காகித நெகட்டிவில் எடுத்தார். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை மட்டுமே பெரிதும் உணரும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். நெகட்டிவில் மேகத்தைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார் அவர். நமக்கு அந்தப் பாடு இல்லை. ஒரு மஞ்சள் ஃபில்டர் போட்டால் அணைக்கு மேலே நிற்கும் மேகம் அப்படியே வரும்.

பிரிண்ட்

முழுத் தாளை வீணாக்காமல் முதலில் ஒரு துண்டில் ஐந்து ஐந்து நொடியாகச் சோதியுங்கள். ஈரத்தில் சரியாகத் தெரியும் பிரிண்ட் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும், அதனால் கொஞ்சம் வெளிறியே எடுங்கள். நல்ல ஃபைபர் தாளின் வெண்மை பேரியம் சல்பேட் பூச்சிலிருந்து வருகிறது. மத்தாப்பில் பச்சை ஒளி தந்ததும் பேரியம்தான். பழுப்பு நிற டோனிங்கில் வெள்ளியைக் காலத்துக்கும் காப்பது பட்டாசுக்காரருக்குப் பழகிய கந்தகம். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருட்டறை அந்நியமான இடமில்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

சிவப்பு விளக்கடியில் வெள்ளைத் தாளிலிருந்து ஒரு முகம் எழுந்து வருவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கித்தான் பார்க்கிறேன். அந்த முகத்துக்கு உரியவர் மறுபடி கிடைக்காமல் போகலாம். ஆகவே ரோலைத் தொடுவதற்கு முன், தெர்மாமீட்டரை மொட்டைமாடித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.