கேம் சென்டர் போட எவ்வளவு ஆகும்? – ஒரு எஸ்டிமேட்



டிப்ளமோ முடித்து என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தால் அப்ரண்டிஸ், லேட்டரல் என்ட்ரி என்று வரிசையாக வரும். கடைசியில் ஒருவன், "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் சென்டர் போட்டுடலாம்டா. மெஷின் பாட்டுக்கு ஓடும், காசு பாட்டுக்கு விழும்" என்பான். காசு விழும்தான். ஆனால் போட்ட காசு எத்தனை நாளில் விழும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். "எஸ்டிமேட்டில் எழுதாத செலவுதான்பா வீட்டுக்காரனைக் கவுக்கும்" என்பார். நம்மில் பலர் வீட்டில் முதலீடு என்று இருப்பது அம்மாவின் நகை மட்டுமே. அதை அடகு வைக்கும் முன் எஸ்டிமேட் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

சிறு வரலாறு

1972-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சன்னிவேல் என்ற ஊரில், ஒரு மதுக்கடையில் அடாரி கம்பெனி தனது 'பாங்' விளையாட்டு மெஷினைச் சோதனைக்கு வைத்தது. சில நாளில் மெஷின் நின்றுவிட்டது. எஞ்சினியர் வந்து திறந்து பார்த்தால் சர்க்யூட்டில் கோளாறு இல்லை. காசுப்பெட்டி நிரம்பி வழிந்திருந்தது! 1978-ல் ஜப்பானின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்-மேன்' வந்து இத்தொழிலை உலகம் முழுதும் பரப்பின.

ஆனால் 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. அடாரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் 1977-ல் ஆரம்பித்த பீட்சாக் கடையும் கேம் ஹாலும் சேர்ந்த தொழில், 1984-ல் திவால் மனு கொடுத்தது. இத்தொழிலை உண்டாக்கியவருக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

முதல் போடும் பணம்

ஒரு சிறு நகரில் 300 சதுர அடி ஹால், 5 மெஷின் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

1. மெஷின் 5 (ஒன்று ரூ. 80,000) – ரூ. 4,00,000
2. கடை அட்வான்ஸ், 10 மாத வாடகை – ரூ. 1,00,000
3. வயரிங், ஏ.சி., யு.பி.எஸ்., பெயின்ட் – ரூ. 1,50,000
4. லைசென்ஸ், போர்டு, சில்லறை – ரூ. 20,000
5. மூன்று மாதக் கைச்செலவு – ரூ. 1,18,000

மொத்தம் ரூ. 7,88,000. இதில் மெஷின் விலை பாதிதான்! மீதிப் பாதியைத்தான் நாம் பேச்சில் மறந்துவிடுகிறோம்.

மாதச் செலவு

ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது நமக்குத் தெரிந்ததே. மெஷின் ஒன்றுக்கு 250 வாட் என்றால், ஐந்தும் தினம் 10 மணி நேரம் ஓட மாதம் 375 யூனிட். ஏ.சி.க்கு 270, லைட், ஃபேனுக்கு 60. ஆக 705 யூனிட். வணிகக் கட்டணம் எல்லாம் சேர்த்து யூனிட் ரூ. 10 என்று வைப்போம்.

வாடகை 10,000, வேலையாள் சம்பளம் 12,000, கரண்ட் 7,000, ரிப்பேர் 4,000, மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்று தேய்மானம் 6,700, ஐந்து லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி 4,600, மற்றவை 1,700. மொத்தம் ரூ. 46,000.

தேய்மானம் கையை விட்டுப் போகாத பணம்தானே என்று அதை எடுத்துக் கடன் அசலைக் கட்டினால், ஐந்தாம் வருடம் பழைய மெஷின் மட்டும்தான் மிஞ்சும். புது மெஷினுக்குப் பணம் இருக்காது.

எத்தனை ஆட்டம் ஓட வேண்டும்?

ஓர் ஆட்டம் ரூ. 20 என்றால், செலவை மட்டும் எடுக்க மாதம் 2,300 ஆட்டம் வேண்டும். அதாவது ஒரு மெஷினுக்குத் தினம் 15 ஆட்டம். "இவ்வளவுதானா!" என்று தோன்றும். பொறுங்கள். இதில் நம் சம்பளம் ஒரு பைசா கூட இல்லை. நாம் மாதம் 15,000 எடுக்க நினைத்தால் 3,050 ஆட்டம் ஓட வேண்டும்.

சனி, ஞாயிறு 8 நாளும் தினம் 120 ஆட்டம் ஓடினால் 960. மீதி 22 நாளில் தினம் 95 ஆட்டம் வேண்டும். வார நாளில் பள்ளி, கல்லூரி விட்ட பிறகுதான் கூட்டம் வரும். மாலை 4 முதல் 9 வரை ஐந்து மணி நேரத்தில் மணிக்கு 19 ஆட்டம், அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒன்று. மழை நாளிலும் பரீட்சை நேரத்திலும் இது நடக்குமா? கையில் இருக்கிற செல்போனிலேயே இலவசமாக விளையாடுகிற காலம் இது. ஸ்டியரிங், துப்பாக்கி, ஏர் ஹாக்கி மாதிரி போனில் கிடைக்காத விளையாட்டு இருந்தால்தான் 20 ரூபாய் கொடுப்பார்கள்.

சட்டம், கடன்

வீடியோ கேம் கடைகளை லைசென்ஸ் மூலம் அரசு கட்டுப்படுத்தலாம் என்று கர்நாடக வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்தது. எனவே உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பணம் பரிசாகத் தரும் மெஷின் பக்கமே போகக்கூடாது. அது சூதாட்டத்தில் சேர்ந்துவிடும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் பிணையில்லாக் கடன் உண்டு. டிப்ளமோ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் மானியம் தருகிறது; ஆனால் வயது 21 ஆக வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

இன்னொரு வழி

ஹால் வேண்டாம். ஒரே மெஷின் வாங்கி, நடமாட்டமுள்ள ஒரு பேக்கரியிலோ தியேட்டரிலோ வைத்து, வசூலை ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள்வது. அமெரிக்காவில் இத்தொழில் வளர்ந்ததே இப்படிப் பங்கு பேசித்தான். இடமும் கரண்டும் கடைக்காரருடையது, மெஷினும் ரிப்பேரும் நம்முடையது.

அதே 15 ஆட்டம் ஓடினால் மாதம் ரூ. 9,000 விழும், நம் பங்கு 4,500. ரிப்பேர் 800, தேய்மானம் 1,300, போக்குவரத்து 500 போக ரூ. 1,900 மிஞ்சும். ஹாலில் நம் கைக்கு ஒன்றுமே வராத அதே 15 ஆட்டம்தான் இது! தொகை சின்னதுதான். ஆனால் மாட்டிக்கொள்ளும் பணம் 80,000 மட்டுமே. ஓடாவிட்டால் மினி வேனில் ஏற்றி வேறு கடையில் வைக்கலாம். ஹாலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இதில் நம் படிப்புக்கும் வேலை இருக்கிறது. பட்டன் மைக்ரோ சுவிட்ச் தேய்வது, காசு மெக்கானிசம் சிக்குவது, பவர் சப்ளையில் 5 வோல்ட் இறங்கி மெஷின் தானாக ரீசெட் ஆவது, இதெல்லாம் மல்டிமீட்டரும் ஸ்குரூ டிரைவரும் வைத்து நாமே பார்க்கலாம். சிறுவர்கள் கை வைக்கும் இரும்புக் கதவுக்குச் சரியான எர்த்தும், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் போட வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே, கேம் சென்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மெஷினை ஒரு வருடம் ஓட்டி, தினமும் எத்தனை ஆட்டம் என்று நோட்டில் எழுதுவோம். அந்த நோட்டு சொன்னால் இரண்டாவது வாங்குவோம். ஐந்து மெஷின் ஐந்து இடத்தில் நன்றாக ஓடிய பிறகு ஹாலைப் பற்றிப் பேசலாம். அதுவரை அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும்!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை மாணவன்