கிண்டில் அசையவில்லையா? ரீசெட், பேட்டரி, புதியது: எது சரி?

கிண்டில் திரையில் படம் தெரிகிறது, பட்டனை அழுத்தினால் அசையவில்லை. உடனே ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் இ-இங்க் திரைக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், நிறுத்தி வைக்க வேண்டாம். சார்ஜ் அடியோடு தீர்ந்த பிறகும் கடைசிப் படம் அப்படியே இருக்கும். ஆகவே திரையை நம்பாதீர்கள். சார்ஜ் ஏறுகிறதா, ஏறியது தங்குகிறதா என்பதைப் பாருங்கள்.

முதலில் காசில்லாத சோதனை

வேறொரு கேபிள், வேறொரு சார்ஜரில் சில மணி நேரம் போட்டு வையுங்கள். அடியோடு தீர்ந்த லித்தியம் பேட்டரிக்கு ஆரம்பத்தில் மிகக் குறைந்த மின்சாரமே போகும். அரை மணி நேரம் அசைவில்லாமல் கிடப்பது சகஜம். பிறகு பவர் பட்டனை 40 விநாடி விடாமல் அழுத்துங்கள். மரத்தடியில் சிறுவன் படிக்கும் படம் வந்தால் பிழைத்தது.

ரீசெட் யாருக்கு?

சார்ஜ் நன்றாகத் தங்குகிறது, ஆனால் அடிக்கடி உறைந்துபோகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளில். ஃபேக்டரி ரீசெட் செய்யலாம். கிண்டில் ஸ்டோரில் வாங்கிய புத்தகங்கள் உங்கள் கணக்கில் இருக்கும், உங்கள் மாடலுக்கு இன்னும் ஆதரவு இருந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். நீங்களே கேபிள் வழியாக ஏற்றியவை போய்விடும். அதனால் கணினியில் இணைத்து ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள். அடிக்கோடிட்ட வரிகளைச் சேர்த்து வைக்கும் ‘மை கிளிப்பிங்ஸ்’ கோப்பும் அதில்தான் இருக்கிறது.

பேட்டரி மாற்றுவது யாருக்கு?

சார்ஜ் மளமளவென்று இறங்கினாலும் உடனே பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே நேரத்தில் நிறையப் புத்தகம் ஏற்றினால், தேடலுக்காக ஒவ்வொன்றையும் அட்டவணைப்படுத்தும் வேலை பின்னால் ஓடும். அதுவே சார்ஜைத் தின்றுவிடும். ஏர்பிளேன் மோடில் போட்டு ஓரிரு நாள் பாருங்கள். சும்மா வைத்திருந்தும் ஒரே இரவில் காலியானால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

மாற்றுவது எளிதா என்பது மாடலைப் பொறுத்தது. 2010-இல் வந்த கீபோர்டு கிண்டிலில் பின்மூடியை நெம்பி எடுத்து, இரண்டு திருகாணியைக் கழற்றினால் போதும். பேப்பர்ஒயிட் அப்படியல்ல, முன்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கும். 2018 முதல் வந்தவை நீர்புகாதவை. திறந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருப்பதால் நெம்பும்போது விரிசல் விட்டால் கதை முடிந்தது. பழுதுபார்க்கக் கொடுப்பதானால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு முன் கிண்டில் திறந்திருக்கிறீர்களா? திரை உடைந்தால் யார் பொறுப்பு? உத்தரவாதம் முடியாத கருவியைக் கடையில் கொடுக்கவே வேண்டாம்.

புதியது யாருக்கு?

திரையில் கோடு விழுந்தாலும், சார்ஜ் துளை ஆடினாலும், பேட்டரி மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

மற்றபடி கணக்கு எளிது. பேட்டரியும் கூலியும் சேர்ந்து புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால் மாற்றுங்கள். பாதியைத் தொட்டால் புதியது வாங்குங்கள். அதுவரை, வாங்கிய புத்தகங்களை ஃபோனில் கிண்டில் ஆப்பிலேயே படிக்கலாம் என்பதால், அவசரத்தில் முடிவெடுக்கத் தேவையில்லை.