சம்பலுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சம்பல் ஆற்றங்கரையில் ஆமைப் பொரிப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல இடம். சிவப்புத்தலை ஆமை ஒரு காலத்தில் கங்கைச் சமவெளி ஆறுகள் பலவற்றில் இருந்தது. இன்று அது இயற்கையில் பெருகி வாழும் பெரிய இடம் சம்பல் ஒன்றுதான். இணைசேரும் பருவத்தில் ஆணின் தலை சிவந்து, கழுத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் ஏறும். வருகிறவர்கள் எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால்தான் ஓடுவார்கள். நீ பெண்ணைப் பார். ஓடே அரை மீட்டருக்கு மேல் வளரும், நிறமில்லை, பகட்டில்லை. அந்த ஆற்றின் கதை முழுவதும் அதன் உயிரில்தான் இருக்கிறது.

முதலில் கைவேலை. மார்ச், ஏப்ரலில் இரவில் மணல் திட்டேறி முட்டையிடும். விடிந்ததும் நரியும் நாயும் முந்துவதற்குள் போக வேண்டும். தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொள். நம் பட்டம் அங்கே உதவாது. முட்டையை எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வை. பெட்டியிலும் பொரிப்பகக் குழியிலும் அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும். இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உள்பக்கம் மேலே ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பிறகு புரட்டினால் செத்துப்போகும்.

குழியின் ஆழத்தையும் விட்டுவிடாதே. கெட்டி ஓடுள்ள ஆமைகள் பலவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவுசெய்கிறது. சூடு ஏறினால் பெண், தணிந்தால் ஆண். வேலையாட்களுக்கு வெயில் படக் கூடாது என்று பொரிப்பகத்துக்கு மேல் பந்தல் போடுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் அந்த நிழலில் ஒரு பருவம் முழுக்க ஆண்களாகவே பிறக்கலாம். குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது; தப்பு நடந்தது தெரியப் பல வருடங்கள் ஆகும். ஆற்றங்கரைக் குழிகளில் வெப்பமானி வைத்துப் பதிவுசெய், அதே சூட்டைப் பொரிப்பகத்தில் கொடு.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்தது. மழைக்கு முன்னால் குஞ்சுகள் பொரிந்ததும் விழா நடக்கும். அதிகாரிகள் வருவார்கள், குழந்தைகள் கையில் குஞ்சைக் கொடுத்து ஆற்றில் விடச் சொல்வார்கள், மறுநாள் செய்தித்தாளில் எண்ணிக்கை வரும். குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் அறிக்கையின் முதல் வரியில் அந்த எண் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் மிச்சிகனில் பிளான்டிங் ஆமைகளைப் பல பத்தாண்டுகள் அடையாளமிட்டுக் கவனித்துவந்தார்கள். ஜஸ்டின் காங்டனும் கூட்டாளிகளும் 1993இல் அதன் கணக்கை வெளியிட்டார்கள். அங்கே வளர்ந்த ஆமைகளில் ஆண்டுக்குச் சுமார் 96 விழுக்காடு பிழைத்திருந்தன. முதல் முட்டையிட 14 முதல் 20 ஆண்டு ஆகும் விலங்கு அது. பெரிய ஆமைகளின் சாவு சிறிது கூடினாலும், கூட்டைக் காப்பாற்றியோ குஞ்சு வளர்த்தோ அதை ஈடுகட்ட முடியாது என்பதுதான் அவர்கள் கண்டது. சம்பல் ஆமைக்கு எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் மெதுவாக முதிர்ந்து நீண்ட காலம் முட்டையிடும் பிழைப்பு ஒன்றுதான்.

அதனால் வலையைப் பார். இரவில் போட்டுவிட்டுப் போகும் நரம்பு வலையில் சிக்கிய ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகிறது. மீனவரோடு சண்டை போடாதே, டீ குடி. எந்த மடுவில், எந்த மாதத்தில், என்ன அளவுப் பெண் சிக்கியது என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். அந்த நோட்டு உன் பொரிப்பகக் கணக்கைவிடப் பெறுமதி.

ஆற்றையும் பார். காந்தி சாகர் தொடங்கிக் கோட்டா தடுப்பணை வரை மேலே வரிசையாகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். கோடையில் நீர் வற்றினால் நடு ஆற்றுத் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நரி நனையாமல் நடந்து வரும். திடீரென்று திறந்துவிட்டால் கூடு முழுகும். மீதமிருக்கும் மணலை இரவில் டிராக்டர் அள்ளிக்கொண்டு போகும். சரணாலயம் என்ற பலகை இவற்றில் எதையும் நிறுத்தாது. மணல் லாரி விஷயத்தில் மட்டும் தனியாக வீரம் காட்டாதே, வனத்துறையிடம் எழுத்தில் கொடு.

மெல்லோட்டு ஆமைகளை மறந்துவிடாதே. அவற்றுக்கு விழா எடுப்பாரில்லை, வாங்குவோர் உண்டு. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ஒரே சோதனையில் 6,000க்கும் மேற்பட்ட ஆமைகள் பிடிபட்டன. நம்மூரில் பாலாமை என்கிறோமே, அதே இனம்தான். ஓட்டு விளிம்பின் குருத்தெலும்பைக் காயவைத்து வங்கதேசம் வழியாகக் கிழக்கே அனுப்பும் வியாபாரம் அந்தப் பக்கத்தில் பழையது. இதைப் பற்றி யாராவது உன்னிடம் பேசினால் பெயர் எழுதிக்கொள்ளாதே; சொன்னவருக்கு ஆபத்து.

ஊர் திரும்பி மோயாற்றில் லீத் மெல்லோட்டு ஆமைக்கு இதேபோலச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். அப்படியே பெயர்த்து நடாதே. பாலினம் ஆராயப்பட்ட மெல்லோட்டு ஆமைகளில் அதை மரபணுவே தீர்மானிக்கிறது. மணல் சூட்டுக் கணக்கு அங்கே பொருந்தாது. ஆற்றுப்படுகையில் புதைந்து கிடக்கும் விலங்கை எண்ணுவதே பெரும்பாடு. முதல் இரண்டு வருடம் கூடு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே போகும், பணம் கொடுப்பவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

போகும்போது இரண்டு வெப்பமானி கூடுதலாக எடுத்துக்கொள். இந்தி வராவிட்டால் பரவாயில்லை, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஜூனில் எழுது, எத்தனை குஞ்சு என்பதைக் கடைசியில் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்